நுன்சியாக்காவின் மெழுகுவர்த்தி

"நிமிரு."

அகப்பையைக் கொப்பரை விளிம்பில் சாய்த்துவிட்டு, வந்தவரின் மோவாயைக் கட்டைவிரலால் தூக்குகிறாள் நுன்சியாக்கா. கோழி தானியத்தைப் பார்ப்பதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்து, தன் இடது கண்ணைக் கிட்டே கொண்டுவந்து எதிராளியின் கண்ணுக்குள் பார்க்கிறாள். கண்மணி நன்றாக விரிந்து கறுத்த ஆலிவ் பழம்போல் இருந்தால், "சரி, கிண்ணத்தை நீட்டு" என்கிறாள். மிளகளவில் சுருங்கிக் கிடந்தால் அகப்பை அசையாது.

"வேன் அதோ நிக்குது. சொட்டு மருந்து போட்டு, கண்ணைப் படம் எடுத்துட்டு வா. கோதுமை எங்கயும் ஓடிப்போயிடாது."

கண்ணுக்குக் காவலான புனித லூசியாவின் திருநாள் அது, டிசம்பர் பதின்மூன்று. சிசிலியின் கிழக்குக் கரையிலிருக்கும் இந்த ஊரில் அன்றைக்கு ரொட்டி கிடையாது, பாஸ்தா கிடையாது. ஊறவைத்து வேகவைத்த முழுக்கோதுமைதான். குச்சீயா என்பார்கள். பாலாடைக்கட்டி, சர்க்கரை, சாக்லேட் துண்டுகள் போட்டுக் கிளறி, கோவில் வாசலில் ஊருக்கே ஊற்றுவது நுன்சியாக்காவின் வேலை. கொஞ்ச வருஷமாகப் பக்கத்தில் இன்னொரு கொப்பரையும் கொதிக்கிறது. அதில் கொண்டைக்கடலையும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் மட்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அதுதான், அதுவும் அளவாகத்தான், அதுவும் கண்ணைக் காட்டிவிட்டு வந்தால்தான்.

யாருக்குச் சர்க்கரை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பொரிகடை வைத்திருப்பவளுக்குத் தெரியாத வயிறு ஊரில் ஏது! வரிசையில் பம்முகிறவர்களைப் பேர் சொல்லி இழுப்பாள். "ஏய், பின்னாடி ஒளியாதே. போன வாரம் பொரிச்ச சோத்துருண்டையைப் பாத்து அழுதவன்தானே நீ?"

கையும் வாயும் ஒன்றாக ஓடும் பெண்பிள்ளை அவள். கோப்பையில் காப்பி ஊற்றும்போது விளிம்பில் விரலை வைத்துக்கொள்வாள். தெருவைக் கடக்கும்போது வலப்பக்கம் வருகிற ஸ்கூட்டரை முகத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்ப்பாள், பார்த்ததும் திட்டுவாள். வலது கண் அவளுக்கு எப்போதோ போய்விட்டது. அதைச் சொல்ல அவள் கூச்சப்பட்டதே இல்லை.

"நல்லாத்தானே தெரியுது, என்னத்தக் காட்டுறதுன்னு இருந்துட்டேன். துறைமுகத்துல நிக்கிற படகுப் பேரைக் கடையில இருந்தே படிப்பேனாக்கும். உள்ள ரத்தக்குழாய் கசிஞ்சுக்கிட்டிருந்தது எனக்கெப்படித் தெரியும்? வலிச்சாத்தானே! ஒருநாள் எண்ணெய்ச் சட்டிக்கு மேல கரி பறக்குது. துடைக்கிறேன், துடைக்கிறேன், போகல. கரி சட்டியில இல்ல, என் கண்ணுக்குள்ள."

அதற்கு முந்தைய வருஷங்களில் அவள் செய்ததுதான் வேடிக்கை. கண் நன்றாயிருக்க வேண்டுமென்று லூசியாவிடம் நேர்ந்துகொண்டு, திருநாள்தோறும் இனிப்புக் குச்சீயா மூன்று கிண்ணம் சாப்பிடுவாள். சர்க்கரைக்காரி, கண்ணுக்காகச் சர்க்கரை சாப்பிட்டாள்! இந்த ஊரில்தான் இது நடக்கும். ஒருநாள் கிண்ணத்தில் கண் போய்விடாது. மற்ற நாளெல்லாம் காட்டாமலே இருந்ததில் போனது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி ஓடினாள். இடது கண்ணை மட்டும் லேசர் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

லேசர் முடிந்த மறுநாளே கோவிலுக்குப் போய்ச் சிலைக்கு முன்னால் நின்றாளாம். லூசியா தட்டில் இரண்டு கண்ணை ஏந்திக்கொண்டு நிற்பவள். "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல தாயே. காட்டு, காட்டுன்னு நீ தட்டுல வச்சே காட்டுறே. எனக்குத்தான் புத்தியில்ல" என்று அழுதுவிட்டு, நேராக மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள், பரிசோதனை வேனைத் திருநாளன்றே கோவில் வாசலுக்கு அனுப்பச் சொல்லிச் சண்டை போட. "பண்டிகையன்னைக்கு எவனம்மா கண்ணைக் காட்ட வருவான்?" என்றார்கள். "கண்ணுக்குச் சாமி கும்பிட ஊரே வருது. அன்னைக்கு வராதவன் என்னைக்கு வருவான்?" என்று கேட்டாள். வேன் வந்தது.

ஊரே வந்தாலும் ஒருவன் மட்டும் வரவில்லை. சொந்தத் தம்பி ஒராசியோ.

ஒராசியோதான் தேர்மணிக்காரன். லூசியாவின் வெள்ளிச் சிலையை நாற்பது பேர் தோளில் சுமந்து கோவில் படிகளில் இறக்குவார்கள். அடியில் இருப்பவர்களுக்குத் தங்கள் காலே தெரியாது. மணிதான் அவர்களுக்குக் கண். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் தூக்கு. அந்த மணியை அடிக்கிறவனுக்கு அப்பனிடமிருந்து வந்த சொத்து இரண்டு, மணியும் சர்க்கரையும். "கண்ணைக் காட்டுனியாடா?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் மோவாயை மேலே தூக்கி "ச்சு" என்பான். எங்கள் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம், மேலே பேசாதே என்றும் அர்த்தம்.

"போனா ஏதாவது சொல்வாங்கக்கா. சொன்னா மணியைப் பிடுங்கிடுவாங்க" என்று ஒருதரம் வாய்விட்டான். அவ்வளவுதான் அவன் பயம். அவ்வளவு பெரிய பயம்.

போன வருஷத் திருநாளில், மழைமூட்டத்தில் வாசலே இருண்டு கிடந்தபோது, அவன் வரிசையில் வந்து நுழைந்ததைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். பச்சைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். "போட்டாச்சுக்கா. எரியுது, பாரேன்." அக்கா மோவாயைத் தூக்கினாள். கண்மணி அகலமாகத்தான் இருந்தது. அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! அகப்பையைக் கொப்பரையில் விட்டாள். விட்ட கை பாதியில் நின்றது. வேன் நின்றது அவளுக்குக் கண் தெரிகிற இடது பக்கம்; அங்கிருந்து அவன் வந்ததை அவள் பார்க்கவே இல்லை. தம்பி வந்ததோ வலது பக்கம், நிலத்துக்கடியில் இருக்கும் பாதாளக் கோவிலிலிருந்து. அங்கே பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

அக்கா பக்கத்து நேர்ச்சைக் கடையிலிருந்து எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்மணி சட்டென்று சுருங்கி மிளகாகிவிட்டது. கண்மணியை விரிக்கிற அந்தச் சொட்டு மருந்து போட்ட கண் வெளிச்சத்துக்கு மசியாது. இருட்டில் உட்கார்ந்துவிட்டு வந்த கண் மசியும். குட்டு வெளிப்பட்டதும் வரிசை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"ஊரை ஏமாத்து, என்னை ஏமாத்து. உள்ள கசியிற ரத்தத்தை ஏமாத்துவியாடா?"

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும்! பாக்கறதுக்குக் கண்ணிருக்கு, பாக்கறாங்க! எனக்கு ஒண்ணு போச்சு. உனக்கும் போறதை இந்த ஒத்தைக் கண்ணால நான் பாக்க மாட்டேன்." தொப்பியும் சட்டையுமாக அவனை இழுத்துக்கொண்டுபோய் வேனுக்குள் தள்ளினாள்.

கண் டாக்டர் லொரேடானா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ரெண்டு கண்ணுலயும் கசிவு இருக்கு. நடுப்பார்வையை இன்னும் தொடல. இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தா நான் இப்படிச் சிரிச்சுப் பேசிட்டிருக்க மாட்டேன்."

"மணி?" என்றான் ஒராசியோ.

"மணி அடிக்கணும்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அன்று மருந்து போட்ட கண் கூசியதால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மணியடித்தான். அப்புறம் ஆஸ்பத்திரி, லேசர், கண்ணுக்குள் ஊசி. ஊசி என்றதும் மயங்கி விழப் பார்த்தவனின் கையை அக்காதான் பிடித்துக்கொண்டாள். "பொரிகடை எண்ணெய் தெறிக்காத தோலா உன்னுது? சும்மா படுறா."

இந்த வருஷம் கோதுமை வரிசையைவிட வேன் வரிசைதான் நீளம். காலையில் வேன் கதவு திறந்ததும் முதலில் ஏறியவன் ஒராசியோ. புதிதாக ஒரு கசிவும் இல்லையென்று டாக்டர் சொன்னதைக் கொப்பரைக்கு வந்து சொல்லக்கூட நேரமில்லை. வெள்ளிச் சிலை வாசலுக்கு வந்துவிட்டது. படிக்குப் படி மணி விழுந்தது. ஒரு காலும் தடுமாறவில்லை. "வாழ்க லூசியா!" என்று தெரு முழங்கியது.

கொப்பரைக்கு நேரே வந்ததும் மணி ஒரே ஒரு தட்டு தட்டியது. அங்கே நிற்கும் வழக்கமே இல்லை. நாற்பது பேரும் நின்றார்கள், சிலையை இறக்கினார்கள். ஒராசியோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சிலையடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தான். தானே தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மோவாயை மேலே தூக்கினான். "ச்சு" என்று சொல்லவில்லை.

நுன்சியாக்கா தலையைச் சாய்த்துக் கிட்டே வந்து பார்த்தாள். சுடருக்கு எதிரே இரண்டு கண்மணியும் ஆலிவ் பழம்போல் அகன்றபடியே இருந்தன. ஓரத்தில் நீர் கோத்திருந்தது, அவனுக்கும் அவளுக்கும்.

அவள் அகப்பையை ஓங்கி, கொப்பரையின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். லூசியா எழுந்தாள்.