பட்டுப்புடவையில் தடை தாண்டியவள்

சென்னை பஸ்ஸிலிருந்து கூட்ரோட்டில் இறங்கியதும் நிலா முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான். பதினைந்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர். முகம் அவளுடையதுதான், அதில் சந்தேகமில்லை. தேசியப் போட்டியில் கடைசித் தடையைத் தாண்டி விழுந்தடித்து ஓடியபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அதே முகம். விவகாரம் கழுத்துக்குக் கீழே. அரக்குப் பட்டுப்புடவை, காசுமாலை, கூப்பிய கைகள். பணிவாக வணக்கம் சொல்லும் உடம்பின் மேல் யாரையோ கடிக்கப் போகிற மூஞ்சி. பின்னால் செஞ்சிக் கோட்டை. அடியில் கடைத்தெரு சங்கத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர், பாஸ்போர்ட் அளவில் சிரித்துக்கொண்டு.

பார்த்த எவருக்கும் சிரிப்பு வரும். நிலாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? எட்டாம் வகுப்பில், மாவட்டப் போட்டியில், சுடிதாரோடு தடை தாண்டும் ஓட்டம் ஓடியவள் அவள். பெண் பிள்ளைக்குக் கால்சட்டை ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டம். முதல் இரண்டு தடை வரை அவள்தான் முன்னால் போனாள். மூன்றாவதில் பேண்டின் விளிம்பு தடையில் மாட்டியது. முன்பல்லில் பாதி அங்கேயே போயிற்று, முட்டி கிழிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவள் நைனா ஜெயராமன், கடைத்தெரு சங்கத் தலைவர் ராஜகோபாலின் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீலக் கால்சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

"இனிமே இத போட்டுக்கினு ஓடு. எவனாவது கேட்டா என்னாண்ட வந்து கேக்கச் சொல்லு" என்றார்.

கேட்கத்தான் செய்தார்கள். தொடையைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது என்று டீக்கடையில் ஆளாளுக்கு வாய் வலிக்கப் பேசினார்கள். ஜெயராமனின் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தெரு அது. அவர் பேத்தி என்ன உடுத்த வேண்டும் என்பதில் அந்தத் தெருவுக்கு அத்தனை அக்கறை.

பள்ளியில் தடைகள் நாலே நாலு, அதிலும் இரண்டுக்குக் கால் கிடையாது. ஜெயராமன் சவுக்குக் கழிகளை வெட்டி, குறுக்கே கழி வைத்துக் கட்டி, மைதானத்தில் எட்டு எட்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டுக் கொடுத்தார். பந்தயத் தடை இடித்தால் சாய்ந்துவிடும். சவுக்குக் கழி சாயாது, நம்மைத்தான் சாய்க்கும். நிலாவின் இரண்டு முழங்கால்களும் கணுக்காலின் உள்பக்கமும் வருஷக்கணக்கில் காயாமலே இருந்தன. ஆனால் எதையும் உரசாமல் தாண்டும் வித்தை அந்தக் கழிகளிடம்தான் அவளுக்கு வந்தது. தடைக்கும் அவள் தொடைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு சென்னையில் கல்லூரி. முதல் மாநிலப் போட்டியில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டாள் என்று வெளியே அனுப்பினார்கள். அடுத்த வருஷம் தொடைத் தசை கிழிந்து, எட்டு மாதம் ஓடவே இல்லை. இதோடு விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பி வந்து, இருநூறு மீட்டரில் வெண்கலமும் தடை ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினாள். அதை வைத்து ரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்த வருஷம், இருபத்து நான்காவது வயதில், நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் தேசியத் தங்கம். பதின்மூன்று விநாடியும் கொஞ்சமும். அதற்குத்தான் மறுநாள் காலை கடைத்தெருவில் பாராட்டு விழா.

கூட்ரோட்டிலிருந்து நேரே பேனர் அடித்த பாலமுரளியின் கடைக்குப் போனாள்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

பாலமுரளி கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஓடுற போட்டோவத்தான் மொதல்ல போட்டேன் நிலா. குடும்பப் பொம்பளைங்க வர்ற விழா, மாத்துடான்னாரு ராஜகோபால் சாரு. சொந்தக்காரங்க கல்யாணத்துல எடுத்த ஒம் போட்டோ ஒண்ணு வந்துது. அதுல நீ கண்ண மூடிக்கினு இருந்த. அதான் மூஞ்ச மட்டும் மாத்தினேன்."

"கல்யாணப் போட்டோவ யாரு குடுத்தா?"

அவன் தயங்கினான். "ஒங்க நைனாதான்."

வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜெயராமன் கறி வாங்கி வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தார்.

"ஏன் நைனா குடுத்த?"

அவருக்கு உடனே புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. "நீ ஓடறது பதிமூணு செகண்டும்மா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். பேனரு பத்து நாளு நிக்கும். பஸ்ஸுக்கு நிக்கறவன், குடிச்சிட்டு வர்றவன், எல்லாம் அண்ணாந்து பாத்துக்கினே இருப்பான். பெத்தவன் நானு எப்படிம்மா அந்தப் பக்கம் போவேன்?"

நிலா இதை எதிர்பார்க்கவில்லை. ஊர் பேசினால் திருப்பிப் பேச அவளுக்குத் தெரியும். இவரிடம் என்ன பேசுவது?

"நான் எந்தக் காலாலே ஓடினேனோ அத மறைச்சிட்டு என்னைப் பாராட்டறாங்க. அதுக்கு நீயும் சேந்துக்கின. நாளைக்கு நான் மேடைக்கு வருவேன். ஆனா நீ வர வேணாம் நைனா."

கறி அன்றைக்கு அப்படியே கிடந்தது.

காலையில் மேடை நிறைந்திருந்தது. அந்தப் பேனருக்குப் பங்காளி மாதிரி, மேடைக்குப் பின்னாலும் அதே படம், சவுக்குச் சாரத்தில் கட்டியிருந்தது. நிலா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி ஊதினார். பந்தயத்தில் போட்ட அதே உடுப்பு, மார்பில் எண்கூட அப்படியே. மழுங்கிய தழும்புகளும் புதுச் சிராய்ப்புகளுமாகக் கால் இரண்டும் வெயிலில் தெரிந்தன. தெரு நடுவில் நடந்துதான் மேடைக்குப் போனாள், சுவரோரமாக இல்லை.

ராஜகோபால் பொன்னாடையை அவசரமாக விரித்தார். தோளில் போர்த்துகிற சாக்கில் முட்டி வரைக்கும் மூடிவிடலாம் என்று பார்த்தார். நிலா ஒரு அடி பின்னால் நகர்ந்து மைக்கைப் பிடித்தாள்.

"சார், பொன்னாடைய பின்னாடி படத்துல நிக்குது பாருங்க, அந்தம்மாவுக்குப் போத்துங்க. தங்கம் வாங்கினது நானு. அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தப் புடவையோட ஒரே ஒரு தட தாண்டிக் காட்டச் சொல்லுங்க, மெடலையும் அதுக்கே குடுத்துடறேன்."

பின்வரிசையில் பள்ளிக்கூடப் பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ராஜகோபாலின் காது சிவந்துவிட்டது. கூட்டத்தில் ஓரமாக, வர வேண்டாம் என்று சொல்லியும் வந்து நின்றிருந்த ஜெயராமனை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஜெயராமா, போட்டோ நீதானே குடுத்த? சொல்லு ஒம் பொண்ணுகிட்ட."

எல்லாத் தலையும் திரும்பியது. இருபத்தெட்டு வருஷமாக அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை ஜெயராமன். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. மேடையைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்தது நான்தான் மொதலாளி. தப்புதான்" என்றார். பிறகு மேடையைக் கையால் காட்டினார். "அது எம் பொண்ணு இல்ல. எம் பொண்ணு அதோ நிக்குது. கால் தெரியுது. நல்லா பாத்துக்கோங்க எல்லாரும்."

சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பேனரை அவிழ்ப்பதற்காகச் சாரத்தில் ஏறினார்.