ஒரு நல்ல புக்கு குடும்மா!

போன வாரம் திருப்பதிக்குப் போனேன். மலைக்கு அல்ல... லைப்ரரிக்கு!

பக்கத்து வீட்டு கவிதா டிகிரி முடித்துவிட்டாள். அடுத்து நூலக அறிவியல் படித்து ஸ்கூல் லைப்ரேரியன் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதற்கு இரண்டு வழி. தபாலில் பாடம் வாங்கி வீட்டிலிருந்தே படிக்கலாம். அல்லது ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியிலிருந்து தினமும் பஸ் ஏறி, திருப்பதியில் ரெகுலராகப் படிக்கலாம்.

அவளுக்கு ரெகுலர்தான் வேண்டும். பவர்லூம் ஓட்டும் அவள் அப்பா முருகேசனுக்கோ அது வீண் அலைச்சல்.

"கேட்ட புக்க எடுத்துக் குடுக்கப் போறே. அதுக்கு இன்னாத்துக்கும்மா டெய்லி திருப்பதி? வூட்லயே படி."

"வூட்ல தறி ஓடிக்கினு கீதே நைனா... எங்க படிக்கறது?"

மனுஷர் மசியவில்லை. நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். மத்தியஸ்தத்துக்கு நான்!

கவிதாவும் சேர்ந்து மூன்று பேருமாகத் திருப்பதி போய், கல்லூரியில் விசாரித்தோம். "எங்க ஸ்டூடண்ட்ஸ் பக்கத்து ஸ்கூல் லைப்ரரியில டிரெய்னிங்ல இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார்கள். போனோம்.

முருகேசன் நேராக ஒரு பயிற்சி மாணவியிடம் போய்ப் பரீட்சை வைத்தார். பேச்செல்லாம் தெலுங்கில்தான். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஒரு நல்ல புக்கு குடும்மா."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாருக்குங்க?"

"பேரனுக்கு. பெரிய பொண்ணோட பையன், மூணாங் கிளாஸ்."

"படிப்பானா, படம் பார்ப்பானா?"

"ரெண்டும் இல்ல. எதையாவது கழட்டிக்கினே இருப்பான்."

"கழட்டினதைத் திரும்ப மாட்டுவானா?"

முருகேசன் யோசித்தார். பேரனைப் பற்றி இதுவரை அவர் காதில் விழுந்ததெல்லாம் புகார்தானே?

"மாட்டுவாம்மா. நேத்துகூட என் டார்ச்ச மாட்டிட்டான்" என்றார். குரலில் என்ன ஒரு பெருமை!

மெஷின்கள் எப்படி ஓடுகின்றன என்று படம் படமாகச் சொல்லும் ஒரு புத்தகத்தை அவள் கொண்டுவந்தாள். முருகேசன் நின்றபடியே புரட்டினார். பேரனுக்காகத்தான்! பெல் அடித்தது. எங்கள் பஸ்ஸும் போனது. மனுஷர் நிமிரவே இல்லை. "வெளியாளுக்குப் புக் தர முடியாதுங்க" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

கேட்டதை எடுத்துக் கொடுக்க செல்போனே போதும். யாருக்கு, எதற்கு என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அந்தப் பழக்கம் தபாலில் வருமா என்ன?

இதை அடுத்த பஸ்ஸில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு வேலையே வைக்கவில்லை அவர். பஸ் புத்தூரைத் தாண்டியதும் மகள் பக்கம் திரும்பினார்.

"ரெகுலர்லயே சேந்துக்கோ. ஆனா சுருக்கா முடிச்சிட்டு வேலைக்குப் போயிடணும்."

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா நைனா அவசரம்?"

"அந்த புக்கு... பாதிதாம்மா படிச்சேன்!"