வளர்ந்த அடிபம்பு

அந்த அடிபம்பின் கீழே இரண்டு செங்கல் கிடக்கும். கோடியக்கரைக்குப் போகிற வழியில், கடைமடை ஊர் ஒன்றின் வயலோரத்துப் பம்பு. வயலுக்குச் சொந்தக்காரரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செங்கல்மேல் ஏறி நின்றுதான் அவர் கைப்பிடியை எட்டுவார்.

"பம்பு வருசா வருசம் வளருதுங்க சார்" என்றார் ஒருநாள்.

"இரும்பு வளருமாக்கா? நீங்கதான் குறைஞ்சுட்டீங்க" என்றேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நிலமட்டம் அளப்பது என் வேலை. தரை இறங்கியிருந்தால்தான் கடல் தண்ணீரைத் தடுக்கும் கரையை உயர்த்துவார்கள். அக்காவின் ஒன்றரை ஏக்கர் சம்பா அந்தக் கரையை நம்பித்தான் இருந்தது. உயர்த்தச் சொல்லி மனு கொடுத்தவரும் அவரே. எல்லா அளவுக்கும் ஆதாரமாக ஆழத்தில் பதித்த மூலக்கல் வெகுதொலைவில் இருந்தது. அங்கிருந்து மட்டம் கொண்டுவர மூன்று நாள் வெயிலில் நடக்க வேண்டும். யார் நடப்பது? ஊர் மதகடியில் நட்டிருந்த கல்லே போதுமென்று அதிலிருந்து அளந்து, வருடம் தவறாமல் "மாற்றம் இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரு கார்த்திகைப் புயலில் கடல் கரை தாண்டி வந்தது. கதிர் வெளிவரப் பூட்டை விட்டிருந்த பயிர் உப்புத் தண்ணீரில் அப்படியே கருகிப்போனது.

அதற்குப் பிறகுதான் மூலக்கல்லிலிருந்து நடந்தேன். சுற்றிலும் மோட்டார் போட்டு நிலத்தடித் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச மண் அமுங்கியிருக்கிறது. மதகடிக் கல்லும் வயலோடு சேர்ந்து இறங்கியிருந்தது. ஆழத்தில் ஊன்றிய பம்புக் குழாய் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. நான் கேலி செய்த அந்தப் பம்புதான் அத்தனை வருடமும் சரியாக அளந்து காட்டியிருக்கிறது.

வெட்கத்தோடு போய்ச் சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"அப்ப நான் சொன்னது சரிதானே சார்?"

"சரிதான்க்கா. தப்பு என்மேலதான்."

"அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மாத்தம் இல்லைன்னு போட்டீங்கல்ல, அதே மாதிரி."

எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் அலைந்து கரையை உயர்த்த வைத்தார்கள். ஆனால் அக்காவின் வயலில் உவர் இன்னும் போகவில்லை.

போன மாதம் மறுபடி அளக்கப் போனேன், மூலக்கல்லிலிருந்துதான். பம்படியில் செங்கல் மூன்றாகியிருந்தது. உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பிய அக்கா, ஓரமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே தாகம். செங்கல்மேல் ஏறி, அடித்து, கையில் தண்ணீர் ஏந்தினேன்.

"குடிச்சிடாதீங்க சார்" என்றார் அக்கா. "இப்பல்லாம் அது கால் கழுவ மட்டுந்தான்."