உறையாத கிண்ணம்

ஒரே ஒருமுறை மாம்பழ ஐஸ்கிரீம் நன்றாக வந்துவிட்டது. மூத்த மருமகள் செய்த பாவம் அதுதான். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுகிறாள். ஊரே வெளியே சுற்றும் நாளில் இவள் மட்டும் ஐஸ்கிரீம் மெஷினுக்குக் காவல். முடியாது என்று சொல்ல வாய் வராது.

மெஷினின் கிண்ணத்தை முந்தின நாளே ஃப்ரீசரில் உறைய வைக்காவிட்டால் ஐஸ்கிரீம் கெட்டியாகாது. இந்தச் சனிக்கிழமை வேண்டுமென்றே அதை அலமாரியிலேயே விட்டுவிட்டாள். இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்!

மறுநாள் மெஷின் கத்திக் கத்தி ஓய்ந்தது. தண்ணீராகவே நின்றதை டம்ளரில் ஊற்றி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நீட்டினாள்.

நாத்தனார் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள்.

"அண்ணி, இது அதவிடப் பிரமாதம்! அடுத்த வாரம் ரெண்டையுமே பண்ணிடுங்க."