ஐந்தாம் பக்கத்து வெள்ளை

காமிக்ஸ் விழாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். பாதி நாள் ஈ ஓட்டுகிற வேலை. அப்புறம் ஒருவர் வருவார். புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றபடியே படித்து முடிப்பார். "நல்லா இருக்குங்க" என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அடுத்து ஒரு அம்மா, "இது குழந்தைங்களுக்கா?" என்பார். "இல்லைங்க, பெரியவங்களுக்கு" என்று சொன்னால் போச்சு, ஏதோ கெட்ட புத்தகம் போல, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். இந்தப் பிழைப்பில்தான் நம் ஆள் பாதி ஆயுளை ஓட்டியிருந்தாள்.

அக்கா பிள்ளைகளுக்கு அவள் பொம்மைச் சித்தி. பொம்மைப் படம் போடுகிற சித்தி. அந்தப் பெயர் எப்படியோ விழாக்காரர்கள் காதுக்கும் எட்டி, கடைசியில் புத்தக அட்டையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "மேஜை வாடகை கட்டவே முழி பிதுங்குது, மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்று சிரிப்பாள். இருந்தது மாடியில் ஒரே அறை. சாய்வு மேஜை, வளையும் விளக்கு, சுவரோரம் விற்காத புத்தகங்கள் நிரம்பிய அட்டைப்பெட்டிகள். அந்தப் பெட்டிகள்தான் அவளுக்குச் சாப்பாட்டு மேஜையும். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக விழாவுக்குப் போவாள். அங்கே மற்ற ஓவியர்களைக் கட்டிப்பிடித்து, புத்தகம் மாற்றிக்கொண்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று பிரிவாள். அப்புறம் வாரக்கணக்கில் மனித வாசனையே கிடையாது. பால் வாங்கப் போய் வாயைத் திறந்தால் குரல் கட்டியிருக்கும், பேசாமலே கிடந்ததால். தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை.

மிச்சம் இருந்த ஒரே துணை அக்காவின் போன். அக்கா துணிக்கடையில் பில் போடுகிறவள். சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தினமும் கூப்பிடுவாள்.

"இன்னிக்கு என்னடி போட்டே?"

"ஒரு ஜன்னல்."

"நாள் பூரா ஒரே ஒரு ஜன்னலா? நாசமாப் போச்சு. அதுவாவது தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

அந்தக் கேலியைக் கேட்டால்தான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கும்.

அம்மா அக்காவோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பொம்மைச் சித்தி ஒரு பெரிய விழாவில் மேஜை போட்டிருந்தாள். "டாக்டர் பேசறது எனக்குப் பிடிக்கலை, கிளம்பி வா" என்றாள் அக்கா. விழாவில் ஒரு சட்டம் உண்டு. முடிவதற்குள் கடையைக் கட்டினால் அடுத்த வருஷம் மேஜை கிடையாது. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சமாவது விற்கிற நாள். "ஞாயிறு சாயங்காலம் முடிஞ்சதும் நேரா வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டாள். ஞாயிறு மத்தியானமே அம்மா போய்விட்டாள். போன் மேஜைக்கு அடியில் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கூட்டத்தின் சத்தத்தில் இவள் காதில் விழவில்லை. இதற்காக அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னது, கையை விடாமல் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தங்கைக்குச் சொல்லி அழுதாள்.

அடுத்த வருஷம் ஒரு தொகுப்புக்கு ஆறு பக்கம் கேட்டார்கள். பிரிவைப் பற்றி, பல ஓவியர்கள் சேர்ந்து போடுகிற தொகுப்பு. அக்கா சொன்னதை அப்படியே வரைந்தாள். ஐந்தாம் பக்கத்தில் கட்டில், அம்மா, பக்கத்தில் அக்கா. அக்காவின் கொண்டை, அகலத் தோள், மூக்கில் வழிகிற கண்ணாடி. மையும் போட்டாயிற்று. காய்ந்ததும் எட்டி நின்று பார்த்தாள். அம்மாவின் கை அக்காவின் கைக்குள் இருந்தது. ஐயோ, பொறுக்கவில்லை அவளுக்கு! அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தப்பைத் திருத்த வைத்திருக்கும் வெள்ளைப் பூச்சை எடுத்தாள். அக்காவைப் பூசி மறைத்தாள். மேலே தன் முகத்தை வரைந்தாள். அச்சில் அந்த வெள்ளை தெரியவே தெரியாது. காகிதத்தோடு காகிதமாகப் போய்விடும்.

தொகுப்பு வந்தது. அவள் மேஜைக்கு முன்னால் முதல் முறையாக வரிசை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். அக்காவும் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "அம்மாவை அப்படியே கொண்டு வந்துட்டேடி" என்றாள். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றானது. "வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாள், அந்த அப்புறம் வரவே வராது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். பிறகு போன் அடியோடு நின்றது. பொம்மைச் சித்தி படம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் என்ன போட்டாய் என்று கேட்க நாதி இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கண்காட்சி வந்தது. தொகுப்பின் ஒரிஜினல் பக்கங்களைச் சட்டம் போட்டு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் மாட்டினார்கள். ஏற்பாட்டாளர் பக்கவாட்டில் விளக்கு வைத்தார். ஐந்தாம் பக்கத்து வெள்ளை, சுவரில் பூசின சுண்ணாம்பு போலப் புடைத்துக்கொண்டு நின்றது. அடியில் அக்காவின் கொண்டையும் கண்ணாடியும் மங்கலாகத் தெரிந்தன. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழற்றச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் வேறு நினைப்பு வந்துவிட்டது. அக்கா இதைப் பார்த்தால் போதுமே! முதலில் கை வரைந்தது உன்னைத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. அந்தச் சந்தோஷத்தில் உடனே போனைப் போட்டாள்.

"ஒரே ஒரு தடவை வாக்கா. உன்கிட்ட ஒரு பக்கத்தைக் காட்டணும்."

"அதான் புஸ்தகத்துல பாத்தேனே."

"புஸ்தகத்துல தெரியாது. வா."

அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். இளைத்திருந்தாள். தங்கை கையைப் பிடித்து நேராக அந்தச் சட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கிட்டப் போய்ப் பாருக்கா. வெள்ளைக்கு அடியில."

அக்கா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என் கொண்டை."

"ஆமாக்கா. முதல்ல உன்னைத்தான் போட்டேன். சத்தியமா."

"அப்போ உனக்கு ஞாபகம் இருந்திருக்கு."

"இல்லாம இருக்குமா?"

"இல்லைன்னுதான்டி நினைச்சிட்டு இருந்தேன்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "படம் போடறவ, ஏதோ வேகத்துல தன்னைப் போட்டுக்கிட்டா, நான் அங்க இருந்தது அவ புத்தியிலேயே தோணலைன்னு நினைச்சேன். மறதின்னு சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். கொஞ்சம் ஆறிக்கிட்டும் வந்துச்சு. மறக்கலை நீ. என்னை முழுசா வரைஞ்சு வச்சுட்டு, உக்காந்து பூசியிருக்கே."

"பொறுக்கலைக்கா. நான் அங்க இல்லையேன்னு..."

"எனக்கும்தான் அன்னிக்குப் பொறுக்கலை. நான் எதைப் பூசி மறைக்கிறது?"

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பஸ் போயிடும்" என்றாள். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். அதற்குள் ஒரு பெண்மணி, கண்ணெல்லாம் சிவந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நேரத்துல அம்மா பக்கத்துல இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா. நீங்க புண்ணியம் பண்ணவங்க."

எத்தனையோ மேஜைகளில் இதே பேச்சைத் தலையாட்டி வாங்கிக்கொண்டவள்தான். இப்போது வாசலைப் பார்த்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இருந்தது நான் இல்லைங்க. எங்க அக்கா!"

வாசலில் யாரும் இல்லை. அக்கா படி இறங்கிப் போய்விட்டிருந்தாள். அந்தப் பெண்மணி கையை விட்டுவிட்டுப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அய்யய்யோ, அப்போ இது நிஜமில்லையா? வெறும் கதைதானா?"

"எல்லாம் நிஜம்தாங்க" என்றாள் அவள். "ஆள்தான் வேற."