இளவரசிக்குப் பதிலாக நின்றவள்

ஒர்சோலா கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்ட பிரபு எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்க வேண்டும். அப்படி ஒரு விறைப்பு. அவள் நாக்கும் அதே ரகம். மொந்தேரவா அரண்மனைச் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசையில் நான் இஸ்திரி போட்டேன். ஆளின் உயரம் மட்டும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உயரம்தான். பலகைமேல் ஏறி நின்றுதான் வேலை செய்வாள். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "நீ நெட்டையா வளந்து என்னத்தக் கண்ட? நிலைப்படியில முட்டிக்கிட்டதுதான் மிச்சம்" என்பாள்.

அவளுக்கு ஒரு விரோதி இருந்தான். பெயர் பர்த்தோலோ. அரண்மனையில் இனிப்புப் பலகாரம் செய்கிறவன். அவனும் குள்ளம், ஆனால் அகலம். ஒரு விருந்துக்கு முன்னால் பால் பாகு இறுகாமல் போகவே, ஒர்சோலாவின் ஜாடியிலிருந்து கோதுமைக் கஞ்சிமாவைத் திருடிக் கலந்துவிட்டான். வெளுப்புக்காக அவள் அதில் நீலம் சேர்த்திருந்தது அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த ஆயர் நீல உதட்டோடு வீட்டுக்குப் போனார். வேண்டுமென்றே செய்தாள் என்று அவன் சொன்னான். திருடனுக்குக் கலர் பார்த்தா கொடுப்பாங்க என்று இவள் கேட்டாள். அதோடு ஒன்பது வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ராணி தன் பிள்ளைகளைப் படமாக எழுத ரோமாபுரியிலிருந்து லாத்தான்சியோ என்ற ஓவியரை வரவழைத்தாள். இளவரசி இப்போலித்தாவுக்குப் பன்னிரண்டு வயது, தம்பி அஸ்கானியோவுக்குப் பதினொன்று. அக்காவும் தம்பியும் கைகோத்து நிற்க வேண்டும் என்பது ராணியின் உத்தரவு. ஆனால் பல் எடுப்பான அக்காவைக் 'குதிரைப்பல்லி' என்று கூப்பிட அவள் கிளிக்கே தம்பி சொல்லிக்கொடுத்திருந்தான். விருந்தாளிகள் வந்த நேரமாகப் பார்த்து அது கூப்பிட்டது. அன்றிலிருந்து இருவரும் ஒரே அறையில் நிற்பதில்லை.

ஓவியர் காலையில் அக்கா முகத்தையும் மாலையில் தம்பி முகத்தையும் எழுதி முடித்தார். உடலுக்கும் கைக்கும் என்ன செய்வது? "இந்த உடுப்பு பத்துற ரெண்டு பேரைக் கொண்டாங்க, பெரியவங்களா இருந்தாலும் பரவால்ல" என்று அரண்மனைக் காரியக்காரரிடம் சொன்னார். அளவெடுத்துப் பார்த்ததில் அகப்பட்டவர்கள் ஒர்சோலாவும் பர்த்தோலோவும்.

தினமும் புதுக் கழுத்துப்பட்டை கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். இளவரசியின் வெள்ளிச்சரிகைப் பாவாடையில் ஒர்சோலா நிமிர்ந்து நின்றாள். பர்த்தோலோவின் தொப்பைக்கு இளவரசனின் மேல்சட்டை போதவில்லை. முதுகுத் தையலைப் பிரித்து, நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"கையப் பிடிங்க" என்றார் ஓவியர்.

"இந்தத் திருட்டுக் கையையா?"

"உன் கை மட்டும் ரோஜாப்பூவா? சலவைக் காரத்துல ஊறுன மாட்டுத்தோல்" என்றான் பர்த்தோலோ.

ஒர்சோலா பிடித்தாள். அவன் விரல் நெறிபடும் சத்தம் எனக்கே கேட்டது.

"பிடி நல்லாருக்கு. பாசம் தெரியுது. அப்படியே இருங்க" என்றார் ஓவியர்.

"ஐயா, விரலு மரத்துப்போச்சு."

"பேசாதீங்க. பேசினா தோள் ஆடுது. தோள் ஆடினா இன்னும் ரெண்டு நாள் நிக்கணும்."

அதைக் கேட்டு இருவரும் வாயை மூடினார்கள். மூடிய வாயோடு அவள் நசுக்க, அவன் அவள் காலை மிதிக்க, மூன்று நாள் போனது.

நாலாம் நாள் சுவர்த் திரை அசைந்தது. எட்டிப் பார்த்தேன். பின்னால் இளவரசியும் இளவரசனும் ஒட்டி உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் உடுப்பில் இரண்டு கிழடுகள் சண்டை போடுவதைப் பார்க்க முதல் நாளிலிருந்தே தனித்தனியாக வந்திருக்கிறார்கள். ஒளிய ஒரே இடம்தான் இருந்ததால் சேர்ந்துவிட்டார்கள்.

"வாயத் திறந்த, உன் இஸ்திரிப் பெட்டி கிணத்துக்குள்ள" என்றாள் இளவரசி என்னிடம், மெதுவாக.

நான் ஏன் திறக்கப்போகிறேன்? ஓவியர் சாயம் குழைக்கத் திரும்பியதும் இரண்டு பேரும் தவழ்ந்து வந்து, பர்த்தோலோவின் முதுகு நாடாவை ஒர்சோலாவின் இடுப்பு நாடாவோடு முடிச்சுப் போட்டார்கள். அக்கா பிடித்துக்கொள்ள, தம்பி முடிந்தான். அவ்வளவு ஒற்றுமையாக அவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ராணி உள்ளே வந்தாள். ஒர்சோலா முழங்காலை மடக்கி வணங்கினாள். பர்த்தோலோ பின்வாங்கிக் குனிந்தான். நாடா வெட்டி இழுத்தது. இரண்டு பேரும் ஒரே மூட்டையாக உருண்டு படத்தின் மேல் விழுந்தார்கள். ஈரச் சாயத்தில் பர்த்தோலோவின் கன்னம் பதிந்தது.

ஒர்சோலாவின் முகம் வெளிறியது. இளவரசியின் உடுப்போ படமோ பாழானால் வேலை போகும், சவுக்கடியும் கிடைக்கலாம். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பர்த்தோலோ முந்திக்கொண்டான்.

"என் காலுதான் இடறிச்சு, மகாராணி. இவ மேல தப்பில்ல."

ராணி திரைப் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இதை எழுதுங்க" என்றாள் ஓவியரிடம்.

"பல்லு தெரியுதே, மகாராணி. பல்லு தெரிய ராஜ குடும்பத்தை எழுதுற வழக்கமில்லை."

"அப்போ பழையபடியே இருக்கட்டும். அந்தக் கறைய மட்டும் ஏதாவது செய்யுங்க."

கன்னம் பதிந்த இடத்தில் ஓவியர் ஒரு நாயை உட்காரவைத்தார். தொங்கும் காதும் தடித்த முகமுமாக நல்ல நாய். ஆனால் எங்கள் அரண்மனையில் அப்படி ஒரு நாய் இருந்ததே இல்லை. அதற்குப் பர்த்தோலோ என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். படம் விருந்துக்கூடத்தில் ஏறியது. வெளிநாட்டுத் தூதர் அதன் முன்னால் நின்று, "உடன்பிறப்புப் பாசம்னா இதுதான். எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்காங்க" என்று கண் கலங்கினார்.

படத்தின் மேல் விழுந்த அன்று மாலையே ஒர்சோலா கஞ்சி காய்ச்சிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அவன் ஏன்டி அப்படிச் சொன்னான்?"

"தெரியல. நீதான் கேட்டுப் பாரேன்."

"திருடன் சொன்ன பொய்" என்று சட்டியைக் கிளறினாள். பிறகு, "பொய்யானாலும் கோர்வையாச் சொன்னான்" என்றாள்.

படம் ஏறிச் சில நாள் கழித்து, சமையற்கட்டு ஆள் ஒருவன் பர்த்தோலோவைப் பார்த்து நாயைப் போலக் குரைத்தான். ஈரக் கழுத்துப்பட்டை ஒன்று பறந்துபோய்க் குரைத்தவன் முகத்தில் அறைந்தது. வீசியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் ஆனதா என்று கேட்பீர்கள். ஆகவில்லை. வயதானதும் ஒர்சோலா ஆற்றங்கரை ஊரில் அக்கா வீட்டோடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பர்த்தோலோ பாதாம் ரொட்டியோடு அங்கே போவான். இருட்டும்வரை சீட்டாட்டம். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் பாதிரியாரிடம் புகார் கொடுத்திருக்கிறார். போன மாதம் நான் பார்க்கப் போனபோது, உட்காரச் சொல்வதற்கு முன்பே, சீட்டும் கையுமாக இருந்த ஒர்சோலா என்னைக் கூப்பிட்டாள்.

"வந்தியா, நல்லதாப் போச்சு. இவன் பின்னால போய் நில்லு. ராஜாவ எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கான்."