ஜன்னல் சீட்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஒரு கிழவியோடு எனக்குச் சண்டை. அவள் என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைக் கடித்தேன். கடைசியில் ஜன்னல் அவளுக்கே போனது.

கொஞ்ச நேரத்தில் பஸ் ஒரு லாரியில் மோதியது. கண்ணாடி நொறுங்கி எங்கள் மேல் கொட்டியது. அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. என் முந்தானையைக் கிழித்து அழுத்திப் பிடித்தேன்.

"யக்கா, உசுரு இருக்குதா?"

"நான் செத்தா ஜன்னலு உனக்கா? ஆசையப் பாரு!"

"எங்க இருக்குது ஜன்னலு? அது ரோட்டுல கெடக்குது."

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கீழே இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தோம். பேத்திக்கென்று மடியில் கட்டி வைத்திருந்த அவித்த மல்லாட்டைக் கடலையை அவிழ்த்தேன்.

"ஊட்டுக்குப் போறமோ இல்லையோ, சூடா இருக்குது, துன்னு."

ஆம்புலன்ஸ் வந்தபோது தோல்தான் மிச்சம்.